பொத்தான் அறிய வேண்டாதவை

கணிப்பொறிகள் தோன்றிய காலத்தில் நிரல் என்பது தன் காரியங்களின் வரிசையைத் தானே நிர்ணயித்துக்கொண்டு, வேண்டிய எண்களை வேண்டிய இடத்தில் கேட்டு வாங்கி, கணக்கை முடித்து, விடையை அச்சிட்டுவிட்டு ஓய்ந்துபோகும் தன்மையுடையதாக இருந்தது. மனிதன் எப்போது குறுக்கிடலாம், குறுக்கிட்டால் எதைச் சொல்லலாம் என்பதையெல்லாம் நிரலே விதித்தது. அவன் அதற்குக் கட்டுப்பட்டு விடை கொடுத்தான். 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸ் என்னும் சிறு கருவியைப் பெரியதொரு சபையின் முன் இயக்கிக் காட்டியதும், அடுத்த சில ஆண்டுகளில் பாலோ ஆல்டோவிலிருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜன்னல்கள் நிறைந்த திரைகள் உருவானதும் இந்த முறையைத் தலைகீழாக்கின. எதை முதலில் தொடுவது, எதைத் தொடாமலே விடுவது என்பதைத் திரையின் முன் உட்கார்ந்திருப்பவர் தீர்மானிக்கலானார். நிரலோ எந்த நேரத்தில் எந்த மூலையிலிருந்து அழைப்பு வரும் என்று அறியாமல் எல்லாவற்றுக்கும் ஆயத்தமாகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. விசையை அழுத்துவதும், மவுஸை நகர்த்துவதும், ஜன்னலை மூடுவதுமாக வெளியிலிருந்து வந்து நிரலின் கவனத்தைக் கோரும் இவை ஒவ்வொன்றையும் நிகழ்ச்சி என்று சொல்லுகிறோம்.

நிகழ்ச்சி ஒன்று நேர்ந்ததைத் தெரிந்துகொள்வது யந்திரத்துக்குப் பெரிய காரியமன்று. தெரிந்தபின் யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் சிக்கல் ஆரம்பமாகிறது. திரையில் ஒரு பொத்தானை வரைந்து, அது அழுத்தப்பட்டால் அமுங்கி எழும்படி செய்யும் நிரலை எழுதியவர் ஒருவர். அவர் எழுதி முடித்துப் பல ஆண்டுகள் சென்றபின், அவரைக் கண்டும் கேட்டும் அறியாத வேறொருவர், வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை மாற்றுவதற்கோ, ஆஸ்பத்திரியில் நோயாளியின் குறிப்பைத் திறப்பதற்கோ அந்தப் பொத்தானை எடுத்துப் பிரயோகிக்கிறார். விரல் அழுந்திய கணத்தில் முதலாமவருடைய நிரல் இரண்டாமவருடைய நிரலைக் கூப்பிட்டாக வேண்டும். தான் எழுதப்பட்ட காலத்தில் பிறந்தேயிராத ஒன்றை, அதன் பெயரும் குணமும் தெரியாத நிலையில், எவ்விதம் கூப்பிடுவது? நிரல் சாஸ்திரத்தில் நான் மிகவும் மதிக்கும் கேள்விகளுள் இது ஒன்று. அதற்குக் கிடைத்த விடைகளுள் இன்டர்ஃபேஸ் என்பது மிகவும் நேர்த்தியானது என்பதே என் துணிபு.

சி மொழி அறிந்தவர்கள் இதற்கு ஒரு நேர்வழியைக் கையாண்டார்கள். செய்ய வேண்டிய காரியம் நினைவகத்தில் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த முகவரியைப் பொத்தானிடம் கொடுத்துவைத்தால், நேரம் வரும்போது அது அந்த முகவரிக்குத் தாவும். வேகத்தில் இதற்கு இணையில்லை. ஆனால் அந்த முகவரியில் இருப்பது நாம் எதிர்பார்த்ததுதானா என்பதற்கு உத்தரவாதம் குறைவு; எதிர்பார்த்தது அங்கே இல்லையெனில் நிரல் நடுவழியில் விழுந்துவிடும். மறுபுறம், தகவலையும் அதன்மேல் செய்யத்தக்க காரியங்களையும் ஒன்றாகக் கட்டி ஆப்ஜெக்ட் என்று வழங்கும் முறை, நார்வே நாட்டில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் ஆகிய இருவரும் 1960-களில் சமைத்த சிமுலா மொழியில் பிறந்து, ஜெராக்ஸ் கூடத்தில் ஸ்மால்டாக் மொழியாக வளர்ந்தது. 1978-79-இல் அந்தக் கூடத்துக்கு விருந்தினராக வந்த நார்வேக்காரர் திரிக்வே ரீன்ஸ்காக், தகவலைக் காக்கும் ஆப்ஜெக்டையும் அதைத் திரையில் காட்டும் ஆப்ஜெக்டையும் தனித்தனியே பிரித்து வைக்கும் யோசனையைச் சொன்னார். ஸ்மால்டாக்கில் ஓர் ஆப்ஜெக்ட் தன்னை மற்றொன்றின் சார்பாளராகப் பதிந்துகொள்ளும். மூலத்தில் மாறுதல் நேர்ந்தால் சார்பாளர் அனைவருக்கும் ஒரே செய்தி போகும். அவரவர் தமக்குத் தக்கபடி தம்மைப் புதுப்பித்துக்கொள்வர். பிற்காலத்து முறைகள் அனைத்துக்கும் வித்து இதுவே. எனினும், அனுப்பிய செய்தியைப் பெறுபவர் புரிந்துகொள்வாரா என்பது நிரல் ஓடும்போதுதான் அந்த மொழியில் தெரியவரும். ஓடத் தொடங்குமுன் அதைச் சரிபார்த்துச் சொல்ல யாருமில்லை.

இந்த இடத்தில் ஜாவா மொழியின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே கேள்விக்கு ஒரு விடையைச் சொல்லிவிட்டு, ஓராண்டு சென்றபின் அதை விடுத்து, வேறொரு விடையைத் துணிந்து ஏற்ற மொழி அது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஸ்தாபனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் முதலானோர் 1991-இல் தொடங்கிய முயற்சி 1995 மே மாதத்தில் உலகறிய அறிவிக்கப்பட்டு, 1996 ஜனவரியில் முதற்பதிப்பாக வெளிவந்தது. அந்தப் பதிப்பில் நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் மார்க்கம் மரபுரிமை. பொத்தான் அழுத்தப்பட்டால் உமக்கு ஏதேனும் செய்ய வேண்டுமா? ஆப்ஜெக்டுகளுக்கு வார்ப்பாக அமையும் கிளாஸ்களுள், பொத்தானின் கிளாஸிலிருந்தோ, பொத்தானைத் தாங்கும் ஜன்னலின் கிளாஸிலிருந்தோ ஒரு வாரிசு கிளாஸை உண்டாக்கி, முன்னோரிடமிருந்து வந்த ‘ஆக்‌ஷன்’ என்ற மெத்தடை, அதாவது பெயரிட்ட காரியத்தை, திருத்தி எழுத வேண்டும். நிகழ்ச்சி முதலில் தான் நேர்ந்த இடத்துக்குப் போகும். அங்கே ‘கவனித்தாயிற்று’ என்ற விடை கிடைக்காவிட்டால் அதைத் தாங்கும் சட்டத்துக்கும், அங்கேயும் கிடைக்காவிட்டால் அதற்கு மேலுள்ள ஜன்னலுக்குமாகப் படிப்படியாக ஏறிச் செல்லும்.

படிப்பதற்கு ஒழுங்காகத் தோன்றும் இந்த ஏற்பாடு நடைமுறையில் என்ன ஆயிற்று என்பதை அருகிலிருந்து பார்ப்போம். பொத்தானுக்கு ஒரு கிளாஸ் வீதம் எழுத யாருக்கும் பொறுமையில்லாததால், எல்லோரும் நிகழ்ச்சிகளை மேலே ஏறவிட்டு, வெளி ஜன்னலின் ஒரே மெத்தடில் அனைத்தையும் பிடித்துக்கொண்டார்கள். அந்த மெத்தடுக்குள் ‘இது சேமிக்கும் பொத்தானா, அப்படியானால் இதைச் செய்; இது அழிக்கும் பொத்தானா, அப்படியானால் அதைச் செய்’ என்று வினாக்கள் ஏணிப்படிகளைப்போல் நீண்டன. எந்தப் பொத்தான் என்று கண்டுபிடிப்பதற்கு அந்த மெத்தடுக்கு எளிதில் கிடைத்த அடையாளமோ, பொத்தானின் மேல் எழுதியிருந்த சொல்! ‘ஓகே’ என்று எழுதியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துக் காரியம் செய்தார்கள். பிரெஞ்சுக்காரருக்காகவோ ஜப்பானியருக்காகவோ அந்தச் சொல்லை மொழிபெயர்த்துவிட்டால், பொத்தான் முன்போலவே அழகாக அமுங்கும்; காரியம் மட்டும் நடக்காது. இதனோடு, மவுஸின் ஒவ்வோர் அசைவும், விரும்பியவர் யாருமில்லாவிட்டாலும், அந்த ஏணியில் ஏறி இறங்கிக் காலத்தை வீணாக்கிற்று.

இந்தக் குறைகளுக்கெல்லாம் மூலம் ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது. மரபுரிமை என்பது ஒன்று இன்னொன்றின் இனத்தைச் சேர்ந்தது என்று சொல்லும் உறவு. நாய் ஒரு விலங்கு என்பதில் அந்த உறவு பொருந்தும். வங்கிப் பணத்தை மாற்றும் காரியத்தைப் பொத்தானின் ஓர் இனம் என்று கொள்ள நேரும்போது, மெய்யாக இல்லாத இரத்த சம்பந்தத்தைக் காகிதத்தில் உண்டாக்குகிறோம். பொத்தானுக்கும் அந்தக் காரியத்துக்கும் இடையே வேண்டியது இரத்த சம்பந்தமன்று. ‘நீ கூப்பிட்டால் நான் வருகிறேன்’ என்ற வாக்கு ஒன்றே போதும்.

1997 பிப்ரவரியில் வெளிவந்த ஜாவா 1.1 அந்த வாக்கை மொழியின் விதிகளுக்குள்ளேயே நிலைநிறுத்திற்று. இன்டர்ஃபேஸ் என்பது மெத்தடுகளின் பெயரையும், அவற்றுக்குக் கொடுக்கப்படுவது இன்னது, அவை திருப்புவது இன்னது என்பதையும் மாத்திரம் எழுதி, உள்ளே நடக்க வேண்டியதைப் பற்றி மௌனம் சாதிக்கும் ஓர் உடன்படிக்கை. ஜாவாவில் அது முதற்பதிப்பிலிருந்தே உண்டு. ஆப்ஜெக்டிவ்-சி மொழியின் புரோட்டோகால் என்ற அங்கமே அதற்கு முன்மாதிரி. இன்டர்ஃபேஸை நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்த முனைந்ததுதான் 1.1-இன் புதுமை. பொத்தானுக்கென்று ஏற்பட்ட ‘ஆக்‌ஷன்லிசனர்’ என்னும் இன்டர்ஃபேஸில் உள்ளது ஒரே மெத்தட்; ‘ஆக்‌ஷன்பெர்ஃபார்ம்ட்’ என்பது அதன் பெயர். எந்த கிளாஸும், அது எந்தக் குலத்தில் பிறந்ததாயினும், ‘நான் ஆக்‌ஷன்லிசனரின் உடன்படிக்கையை நிறைவேற்றுகிறேன்’ என்று தன் தலைப்பில் அறிவித்துவிட்டு அந்த ஒரு மெத்தடை எழுதிக்கொள்ளலாம். அறிவித்துவிட்டு எழுதாமல் விட்டால் நிரலை ஓடுமுன் தொகுக்கும் கம்பைலர் அதை ஏற்க மறுத்துவிடும். ஆகவே ஸ்மால்டாக்கில் ஓடும்போது வெளிப்பட்ட பிழை இங்கே ஓடுவதற்கு முன்பே அகப்பட்டுவிடுகிறது. பொத்தானிடம் லிசனராக, அதாவது கேட்பவராக, பதிந்துகொள்ள ‘ஆட்ஆக்‌ஷன்லிசனர்’ என்று ஒரு மெத்தட் உண்டு. பதிந்துகொள்ளாதவருக்குச் செய்தி போவதில்லையாதலால், யாருக்கும் வேண்டாத மவுஸ் அசைவுகள் வீணே அலைந்து திரிவதும் நின்றது.

கலியாணப் பந்தலில் முகூர்த்த வேளை வந்ததும் ‘கெட்டிமேளம்!’ என்று ஒரு குரல் எழுகிறது. தவில்காரர் முழக்குகிறார், சுற்றியிருப்பவர்கள் அட்சதையைத் தூவுகிறார்கள், போட்டோ எடுப்பவர் முன்னே நெருங்குகிறார். குரல் கொடுத்தவருக்குத் தவில்காரரின் ஊரும் பேரும் தெரிய வேண்டியதில்லை; எத்தனை பேர் அட்சதை வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கும் வேண்டியதில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் தத்தம் காரியத்தைச் செய்வது என்ற ஏற்பாடு முன்பே இருக்கிறது, அவ்வளவுதான். பொத்தானுக்கும் லிசனர்களுக்கும் உள்ள சம்பந்தம் இத்தகையது.

இனி, விரல் அழுந்திய கணத்தைப் பின்தொடர்ந்து செல்வோம். மவுஸின் விசை அமுங்கியதை முதலில் அறிவது இயக்க முறைமை. எந்த ஜன்னலின் எந்தப் புள்ளியில் என்று கணக்கிட்டு அது செய்தியை ஜாவாவிடம் ஒப்படைக்கிறது. அங்கே நிகழ்ச்சிகளுக்கென்று ஒரு வரிசை உண்டு. வந்தவை வந்த முறையில் அதில் நிற்கின்றன. அந்த வரிசையின் தலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து உரியவரிடம் சேர்ப்பிக்க ஒரே ஓர் இழை (நிரலுக்குள் தனித்து ஓடும் ஓர் ஓட்டம்) நியமிக்கப்பட்டிருக்கிறது. அது கொண்டுவந்து கொடுத்த அழுத்தலையும் விடுவித்தலையும் சேர்த்துப் பார்த்து, ‘இது முழுமையான ஓர் அழுத்தம்’ என்று தெளிந்தபின், எங்கே நேர்ந்தது என்ற குறிப்பைத் தாங்கிய நிகழ்ச்சி ஆப்ஜெக்ட் ஒன்று உண்டாக்கப்படுகிறது. பதிந்துகொண்ட லிசனர்களின் ‘ஆக்‌ஷன்பெர்ஃபார்ம்ட்’ அந்த ஆப்ஜெக்டோடு கூப்பிடப்படுகிறது. கூப்பிடும் வரிசை முன்னே பதிந்தவருக்கு முன்னே என்றோ பின்னே என்றோ உறுதி செய்யப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு லிசனர் மற்றொருவர் தமக்குமுன் வேலையை முடித்திருப்பார் என்று நம்பிக்கொண்டிருப்பது பிழை.

லிசனர் ஒன்றானால் சரி. பலவானால் அந்தப் பட்டியலைப் பொத்தான் எங்ஙனம் காத்துவைப்பது? இதற்கு ஜாவா 1.1-இல் அமைந்த உபாயத்தை நான் எத்தனை முறை வாசித்தாலும் அதன் அழகு குறைவதில்லை. பொத்தான் பட்டியல் எதையும் வைத்துக்கொள்வதில்லை. லிசனருக்கென்று அதனிடம் உள்ளது ஒரே ஓர் இடம். முதலாமவர் பதிந்துகொண்டால் அவர் அந்த இடத்தில் அமர்கிறார். இரண்டாமவர் வந்தால், ‘மல்டிகாஸ்டர்’ என்ற ஆப்ஜெக்ட் ஒன்று புதிதாக உண்டாக்கப்படுகிறது. அதற்குள் இருவரும் இடமும் வலமுமாக வைக்கப்படுகிறார்கள். பொத்தானின் அந்த ஒற்றை இடத்தில் இப்போது மல்டிகாஸ்டர் அமர்கிறது. இது எவ்வாறு கூடும் எனில், மல்டிகாஸ்டரும் ‘ஆக்‌ஷன்லிசனர்’ உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட ஒன்றேயாகும். அதன் ‘ஆக்‌ஷன்பெர்ஃபார்ம்ட்’ செய்யும் வேலை, இடப்பக்கத்தவரைக் கூப்பிட்டு, பிறகு வலப்பக்கத்தவரைக் கூப்பிடுவது. மூன்றாமவர் வந்தால் பழைய மல்டிகாஸ்டர் ஒருபுறமும் அவர் மறுபுறமுமாக இன்னொரு மல்டிகாஸ்டர் பிறக்கிறது. இங்ஙனம் கிளை கிளையாக வளரும் கூட்டத்தைக் குறித்துப் பொத்தானுக்கு யாதொன்றும் தெரியாது. தான் ஒருவரைக் கூப்பிடுவதாகவே அது கருதிக்கொண்டிருக்கிறது.

இதில் இன்னொரு நுட்பமும் அடங்கியிருக்கிறது. செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு லிசனர், ‘என் காரியம் முடிந்தது, என்னை நீக்கிவிடு’ என்று கேட்டால் என்ன ஆகும்? சாதாரணப் பட்டியலாக இருந்தால், ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கையில் இன்னொருவர் வரிசையைக் கலைத்ததுபோலாகி, யாரேனும் விடுபட்டுப்போவார். மல்டிகாஸ்டரோ உண்டானபின் ஒருபோதும் மாறுவதில்லை. நீக்கம் நேர்ந்தால் புதிய கிளையமைப்பு ஒன்று பிறந்து பொத்தானின் இடத்தில் அமரும். நடந்துகொண்டிருக்கும் அறிவிப்பு பழைய அமைப்பின் வழியே தடையின்றி முடியும். அடுத்த அறிவிப்பு புதிய அமைப்பின் வழியே செல்லும். உள்ளே இருப்பதைக் காட்டாமல் வாக்கை மட்டும் காட்டும் வழக்கம் இருந்ததாலன்றோ இத்தனை மாறுதலும் பொத்தானின் ஓர் எழுத்தையும் தொடாமல் சாத்தியமாயிற்று!

இன்டர்ஃபேஸ் முறையை எதிர்த்தவர்களும் அற்பமானவர்கள் அல்லர். மைக்ரோசாஃப்ட் ஸ்தாபனம் 1998-இல் வெளியிட்ட ஜே++ என்னும் தன் ஜாவா பதிப்பில் ‘டெலிகேட்’ என்ற அங்கத்தைச் சேர்த்தது. ஒரு மெத்தடை மட்டும் கூப்பிடுவதற்கு அதைச் சுற்றி ஓர் உடன்படிக்கையும், அதை நிறைவேற்ற ஒரு கிளாஸும் எதற்கு, மெத்தடையே, அதன் வகையைச் சரிபார்த்துக்கொண்டு, நேராகக் கொடுத்துவிட்டால் போதாதா என்பது அவர்கள் வாதம். 1.1-இலேயே வந்துவிட்ட, ஒரு கிளாஸுக்குள்ளேயே எழுதப்படும் உள் கிளாஸ்கள் அந்தத் தேவையைத் தீர்க்கின்றன, மொழியின் எளிமையைக் குலைக்க வேண்டாம் என்பது சன் தரப்பின் மறுமொழி. இரு ஸ்தாபனங்களுக்கும் இடையே ஏற்கெனவே நீதிமன்ற வழக்கு நடந்துகொண்டிருந்த சமயமாதலால் இந்த விவாதத்தில் சூடும் மிகுந்திருந்தது. 2000-இல் அறிவிக்கப்பட்ட சி ஷார்ப் மொழியில் டெலிகேட் நிரந்தர ஸ்தானம் பெற்றது. நடுநிலையில் நின்று பார்த்தால், ஒரே மெத்தடைக் கொண்ட நிகழ்ச்சிகளில் மைக்ரோசாஃப்ட் தரப்பில் நியாயம் உண்டு என்றே சொல்ல வேண்டும். 2014 மார்ச்சில் வந்த ஜாவா 8, ஒரே மெத்தடுள்ள எந்த இன்டர்ஃபேஸுக்கும் லாம்டா என்ற குறுவடிவில் ஒரு வரியிலேயே விடை எழுதலாம் என்று இடம் கொடுத்தபோது, அந்த நியாயம் இன்டர்ஃபேஸைக் கைவிடாமலே ஏற்கப்பட்டது.

ஒரே மெத்தட் என்ற நிபந்தனையில் ஒரு படிப்பினை இருக்கிறது. ‘மவுஸ்லிசனர்’ என்ற உடன்படிக்கையில் ஐந்து மெத்தடுகள்: அழுத்துதல், விடுதல், சொடுக்குதல், எல்லைக்குள் நுழைதல், வெளியேறுதல். ஜன்னலுக்கான உடன்படிக்கையில் ஏழு. ஒன்றே வேண்டுமென்றாலும் அனைத்தையும் எழுதியாக வேண்டும் என்ற தொல்லையைத் தவிர்க்க, எல்லாவற்றையும் வெறுமையாக எழுதிவைத்த ‘அடாப்டர்’ கிளாஸ்களை ஜாவாவினரே கொடுத்தார்கள். அதிலிருந்து வாரிசு கிளாஸ் உண்டாக்கி வேண்டிய ஒன்றை மட்டும் திருத்தி எழுதலாம். மறைந்துபோன மரபுரிமை பின்வாசல் வழியே திரும்பி வந்தது. பழைய ஆபத்தையும் உடன் அழைத்துக்கொண்டு வந்தது. மெத்தடின் பெயருக்கு நடுவே வர வேண்டிய பெரிய எழுத்தைக் கைத்தவறிச் சிறிய எழுத்தாக அடித்துவிட்டால், கம்பைலர் அதைப் புதியதொரு மெத்தடாகக் கருதி மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும். நிகழ்ச்சியோ அடாப்டரின் வெறுமையான மெத்தடில் விழுந்து சத்தமின்றி மறையும். 2004-இல் ஜாவா 5, ‘இது முன்னோரின் மெத்தடைத் திருத்துவது’ என்று எழுத்து மூலம் குறித்துவைக்கும் ‘ஓவர்ரைடு’ குறிப்பைக் கொடுத்தபின்தான் இந்தப் பிழை பிடிபட்டது.

கொடுத்த வாக்கைப் பிறகு நீட்டுவதும் எளிதன்று. மவுஸின் நடுவே சுழலும் சக்கரம் வழக்கத்துக்கு வந்தபோது, அதற்கான மெத்தடை ‘மவுஸ்லிசனர்’ உடன்படிக்கையிலேயே சேர்த்திருந்தால், உலகெங்கும் அதை ஏற்று எழுதப்பட்ட நிரல்கள் அனைத்தும் வாக்குத் தவறியவையாகி, மறுமுறை தொகுக்கும்போது கம்பைலரால் நிராகரிக்கப்பட்டிருக்கும். ஆகவே 2002-இல் வந்த ஜாவா 1.4 சக்கரத்துக்கென்று தனியே ஓர் இன்டர்ஃபேஸை உண்டாக்கிற்று. ஜாவா 8-இல்தான், இன்டர்ஃபேஸுக்குள்ளேயே ஒரு மெத்தடுக்கு முன்னிருப்பான விடையை எழுதிவைக்கும் வழி பிறந்து, பழையவரைப் புண்படுத்தாமல் வாக்கை நீட்ட முடிந்தது.

ஜாவாவைத் தாண்டியும் இந்த முறை பரவிற்று. உலாவிகளில் நிகழ்ச்சிகளைக் கவனிப்பதற்கு 2000 நவம்பரில் வகுக்கப்பட்ட டாம் என்னும் வலைப்பக்க விதிகளிலும் லிசனர் என்பது ஒற்றை மெத்தடுள்ள ஓர் இன்டர்ஃபேஸே. ஆண்ட்ராய்டு கைபேசியில் பொத்தானைத் தொட்டால் கூப்பிடப்படுவது ‘ஆன்கிளிக்’ என்ற ஒரே மெத்தட்; ஆனால் அங்கே பொத்தானுக்கு ஒரு லிசனர்தான், புதியவரை வைத்தால் பழையவர் இறங்கிவிடுவார்.

எந்த உடன்படிக்கையிலும் எழுதப்படாத கடமைகள் இரண்டு லிசனருக்கு உண்டு. பதிந்துகொண்டவர் காரியம் முடிந்ததும் விலகிக்கொள்ள வேண்டும் என்பது முதலாவது. விலகாவிட்டால், ஜன்னல் மூடப்பட்டுக் கண்ணுக்கு மறைந்த பின்பும், நீண்ட நாள் வாழும் ஏதோவொரு மூல ஆப்ஜெக்ட் தன் லிசனரைப் பற்றிக்கொண்டேயிருக்கும். லிசனர் அந்த ஜன்னலைப் பற்றியிருக்கும். ஜன்னல் தன்னுள் அடங்கியவை எல்லாவற்றையும் பற்றியிருக்கும். பயனற்ற ஆப்ஜெக்டுகளைத் தானே அப்புறப்படுத்தும் ஜாவாவின் ஏற்பாடு, ஒன்றை இன்னும் யாரோ பற்றியிருப்பதைக் காணும்போது அதைத் தொடாது. ஜன்னலைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் இப்படி ஒன்று தங்கிப்போனால், காலையில் சுறுசுறுப்பாக ஓடிய நிரல் மாலையில் நினைவகம் போதாமல் திணறும்.

இரண்டாவது கடமை காலத்தைப் பற்றியது. நிகழ்ச்சிகளைப் பகிர்ந்தளிப்பது ஒரே இழை என்று முன்பு சொன்னோம். ‘ஆக்‌ஷன்பெர்ஃபார்ம்ட்’ ஓடுவதும் அந்த இழையின்மேல்தான். உடன்படிக்கையில் மெத்தடின் பெயர் இருக்கிறதேயன்றி, எவ்வளவு நேரத்தில் முடிக்க வேண்டும் என்ற சொல் இல்லை. ஒரு லிசனர் அந்த மெத்தடுக்குள் தொலைவிலுள்ள சர்வரிடம் தகவல் கேட்டுக் காத்திருந்தால், அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு நிகழ்ச்சியும் காத்திருக்கும். திரையைத் திரும்ப வரைவதும் அதே இழையின் வேலையாதலால் ஜன்னல் உறைந்து நிற்கும். பார்ப்பவர் பொறுமையிழந்து மேன்மேலும் அழுத்த, அந்த அழுத்தங்களும் வரிசையில் சேர்ந்து, பிறகு ஒருசேரக் கொட்டும். இதற்காகவே 2006 டிசம்பரில் வந்த ஜாவா 6, ‘ஸ்விங்வொர்க்கர்’ என்ற கிளாஸைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. நீண்ட வேலையை வேறோர் இழையிடம் ஒப்படைத்துவிட்டு லிசனர் உடனே திரும்பிவிடுகிறது; வேலை முடிந்ததும் அதன் பலன் மட்டும், திரையைத் தொட உரிமையுள்ள அந்த ஒரே இழையிடம், மற்ற நிகழ்ச்சிகளோடு நிகழ்ச்சியாக வரிசையில் வந்து சேருகிறது.